காயம்பட்டோருக்கு வீட்டுச் சோறு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

 

நான் ஆலிம் அல்ல. ஊரில் மதரஸாவில் குர்ஆன் ஓதி, மார்க்கத்தின் அடிப்படைகளை உஸ்தாது சொல்லக் கேட்டு, தொடக்கப் பள்ளியோடு படிப்பை முடித்துக்கொண்டு கடையில் நின்றவன். ஆகவே இங்கே நான் எழுதுவது பெரிய மேடைப் பிரசங்கம் அல்ல. பெரியோர்களிடம் கேட்டதையும், ஈஜோக்கில் என் கடைக்கு முன்னால் கண்டதையும் சேர்த்துச் சொல்லுகிறேன். பிழை இருந்தால் ஆலிம் பெருமக்கள் திருத்தட்டும். நன்மை இருந்தால் அது அல்லாஹ்வின் கிருபை.

ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 629-இல், மூத்தா என்னும் இடத்தில் ஒரு யுத்தம் நடந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் அப்படைக்கு மூன்று தளபதிகளை ஒருவர்பின் ஒருவராக நியமித்து அனுப்பியிருந்தார்கள். முதலில் ஸைத் (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். அடுத்துக் கொடியை ஏந்தியவர் நாயகம் (ஸல்) அவர்களின் பெரிய தந்தை மகனார் ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள். வலக்கை வெட்டுண்டபோது இடக்கையால் பிடித்தார்கள். அதுவும் போனபோது கொடியை மார்போடு அணைத்துக்கொண்டார்கள் என்று சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். மூன்றாவதாக அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) அவர்களும் உயிர் துறந்தார்கள்.

செய்தி மதீனாவுக்கு எட்டியது. நாயகம் (ஸல்) அவர்கள் ஜஃபரின் வீட்டுக்குச் சென்றார்கள். அப்போது ஜஃபரின் மனைவி அஸ்மா (ரலி) அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அன்று காலை அவர்கள் மாவு பிசைந்து வைத்திருந்தார்கள். பிள்ளைகளின் முகத்தைக் கழுவி எண்ணெய் தடவி விட்டிருந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் பிள்ளைகளை அழைத்துவரச் சொல்லி, அவர்களை முகர்ந்தார்கள். கண்ணில் நீர் பெருகியது. அதைக் கண்ட பிறகுதான் அந்த அம்மையாருக்கு விஷயம் விளங்கியது.

இதன்பின் நாயகம் (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்? தம் வீட்டாரிடம் போய், ஜஃபரின் குடும்பத்துக்கு உணவு சமையுங்கள், அவர்களைத் துயரம் சூழ்ந்துகொண்டது என்ற கருத்துப்படக் கட்டளையிட்டார்கள். இந்த ஹதீதை அபூதாவூதும் திர்மிதீயும் இப்னு மாஜாவும் பதிவு செய்திருக்கிறார்கள்.

சகோதரர்களே, இதைச் சற்று நிதானித்துப் பாருங்கள். அவ்வீட்டில் மாவு இல்லாமற் போகவில்லை. பிசைந்த மாவே இருந்தது. அதைச் சுடுவதற்கு அந்தத் தாய்க்குக் கை எப்படி எழும்? சோதனை வந்த வீட்டில் அரிசி இருக்கும், அடுப்பு எரியாது. அந்த அடுப்பை நம் வீட்டில் எரிப்பதுதான் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி. நம் ஊர்களிலும் மவுத்து வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் சோறும் ஆணமும் ஆக்கி அனுப்பும் வழக்கம் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிட்டு வழக்கத்தை மாத்திரம் வைத்திருக்கிறோம்.

இது மவுத்தானவர் வீட்டுக்கு மட்டும் உரியதா? காயம்பட்டவர்களுக்கும் இவ்வழி உண்டு. உம்மு அத்திய்யா (ரலி) என்ற அன்ஸாரிப் பெண்மணி நாயகம் (ஸல்) அவர்களுடன் ஏழு யுத்தங்களுக்குச் சென்றவர். பாசறையில் பின்னால் தங்கி உணவு சமைத்ததையும், காயம்பட்டோருக்கு மருந்திட்டதையும், நோயாளிகளைக் கவனித்ததையும் அவரே சொன்னதாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. அவர் சமையலை முதலில் வைத்துச் சொல்லியிருக்கிறார். கரண்டி பிடித்த வேலையும் சேவைதான் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

அகழ் யுத்தத்தில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கை நரம்பில் அம்பு பாய்ந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் அவரைத் தூரத்தில் விடவில்லை. அடிக்கடி போய்ப் பார்ப்பதற்கு வசதியாகப் பள்ளிவாசலிலேயே கூடாரம் அடித்து அதில் வைக்கச் செய்தார்கள். ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி அங்கே காயம்பட்டோருக்குச் சிகிச்சை செய்தார். தொழுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே காயம்பட்டவருக்கு இடம் இருந்தது. நம் உள்ளத்தில் அவர்களுக்கு எத்தனை தூரத்தில் இடம் வைத்திருக்கிறோம் என்று நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

காயம்பட்ட மனிதனுக்கு ஏதாவது ஒரு சோறு போதும் என்று சிலர் நினைக்கக்கூடும். அப்படியல்ல. முதல் உலக யுத்தத்தில் பிரான்சில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களை 1914 முதல் 1916 வரை இங்கிலாந்தில் பிரைட்டன் நகரத்து அரச மாளிகையில் வைத்து வைத்தியம் பார்த்தார்கள். அங்கே 9 சமையற்கூடங்கள் அமைத்தார்கள். முஸ்லிம்களுக்கு வேறு, மரக்கறி உண்பவர்களுக்கு வேறு, மற்றவர்களுக்கு வேறு. தண்ணீர்க் குழாயைக்கூடப் பிரித்து வைத்தார்கள். அது சாம்ராஜ்யத்தின் காரியத்துக்காகச் செய்த ஏற்பாடுதான். சிப்பாய் மனம் கோணினால் படை நிற்காது என்ற கணக்கும் அதில் உண்டு. ஆனாலும் நோயாளிக்குத் தன் வீட்டு வாசனையுள்ள சோறுதான் உள்ளே இறங்கும் என்ற உண்மையை ஆண்ட வெள்ளைக்காரனும் அறிந்திருந்தான். இன்று அமெரிக்காவில் இராணுவ ஆஸ்பத்திரிகளின் அருகே ஃபிஷர் இல்லம் என்ற பெயரில் விடுதிகள் இருக்கின்றன. 1990-இல் தொடங்கிய அவ்விடங்களில் காயம்பட்டோரின் குடும்பத்தார் வாடகையின்றித் தங்குகிறார்கள். தொண்டர்கள் வீட்டுச் சமையல் கொண்டுவந்து பரிமாறுகிறார்கள். மார்க்கம் வேறாயினும் நற்செயல் நற்செயல்தான்.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியும் நம் மலாயாவில் நடந்தது. 1942-லும் 1943-லும் ஜப்பானியர் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் சிப்பாய்கள் அல்லர், பால் வெட்டியவர்கள். காலரா கண்டும் புண் அழுகியும் காட்டிலே மாண்டார்கள். ஒரு வாய்க் கஞ்சி கொடுக்கத் தன் ஜனம் ஒருவரும் பக்கத்தில் இல்லை. அதற்குப் பிறகும் இந்நாட்டைக் காக்கப் பலர் காயம்பட்டார்கள்: 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், 1993-இல் சோமாலியாவின் மொகதிஷு நகரத்தில், 2013-இல் சபாவின் லஹாட் டத்துவில். லஹாட் டத்துச் சம்பவத்தில் மட்டும் 10 போலீசாரும் இராணுவத்தாரும் உயிரிழந்தார்கள். பேப்பரில் அச்செய்தியைப் படித்து, உச்சுக்கொட்டி, அதே பேப்பரில் மிளகாய் மடித்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

இனி என் குற்றத்தைச் சொல்லுகிறேன். பெருமைக்காக அல்ல, வெட்கத்தோடு சொல்லுகிறேன்.

என் கடையில் மாதப் பற்று வைக்கும் ஓர் அம்மாள் இருக்கிறார். பழைய தோட்டத்துக் குடும்பம். தமிழர், இந்துக்கள். கணவர் இல்லை. ஒரே மகன் இராணுவத்தில் சேர்ந்திருந்தான். ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் பற்றை அடைத்துவிடுவார். ஒரு சதம் பாக்கி வைத்தவரல்லர். சென்ற ஆண்டு ஒரு மாதம் அவரைக் காணவில்லை. இரண்டாவது மாதமும் காணவில்லை. பற்றுப் புத்தகத்தில் 86 வெள்ளி நின்றது. நான் கடைப் பையனை அனுப்பி, "பாக்கியை மறந்துவிட்டீர்களா என்று கேட்டுவா" என்றேன். வீடு பூட்டிக் கிடந்தது. பையன் பக்கத்து வீட்டாரிடம், நாலு பேர் கேட்கும்படி, கடைப் பாக்கிக்காக வந்தேன் என்று சொல்லிவிட்டு வந்தான்.

அன்று மாலை அந்தப் பக்கத்து வீட்டுக்காரரே கடைக்கு வந்தார். "பயிற்சியில் லாரி கவிழ்ந்து பையனுக்கு ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒரு மாதத்துக்கு மேலாக அந்தம்மா கோலாலம்பூர் ஆஸ்பத்திரியிலேதான் கிடக்கிறார்கள். நீங்கள் 86 வெள்ளிக்கு ஆள் அனுப்பியிருக்கிறீர்களே!" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்குத் தராசுக்குப் பின்னால் நிற்க முடியவில்லை.

கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்க வேண்டும், அதைத் தர்மமாக விட்டுவிடுவது இன்னும் மேலானது என்ற கருத்தை அல்லாஹுத் தஆலா அல்பகறா அத்தியாயத்தில் அருளியிருக்கிறான். அந்த ஆயத்தை மதரஸாவில் எத்தனையோ முறை ஓதியிருக்கிறேன். ஓதும்போது நாக்கு அசைந்தது. பற்றுப் புத்தகத்தைத் திறக்கும்போது அது நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் என் மனைவியிடம் சொல்லி நல்ல ஆட்டிறைச்சிப் பிரியாணி ஆக்கி, கடைப் பெயர் அச்சடித்த பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். போய்ச் சேர்ந்ததும் கைப்பேசியில் ஒரு படம்கூடப் பிடித்தேன். அந்த அம்மாள் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு பாக்கெட் பிஸ்கெட்டும் ஆறிப்போன தேத்தண்ணியும் இருந்தன. என்னைக் கண்டதும் எழுந்து, "தம்பி, உங்கள் பாக்கியை மறக்கவில்லை. சம்பளப் பணம் வந்ததும் கொடுத்துவிடுகிறேன்" என்றார்.

நான் கொண்டுபோனது சோறு. அவர் கண்ணுக்குத் தெரிந்தது கடன்காரன். அந்த நிலைக்கு அவரைக் கொண்டுவந்தவன் நானே.

"அக்கா, பாக்கி ஒன்றும் இல்லை. சாப்பாடு கொண்டுவந்தேன்" என்றேன். அவர் பையைத் திறந்து பார்த்து, "நல்ல வாசம் தம்பி. ஆனால் அவனுக்கு மருந்தின் வேகத்தில் நெய்யும் மசாலாவும் ஒத்துக்கொள்ளவில்லை, எடுத்துவிடுகிறான். நான் இந்தக் கிழமை கறி தொடுவதில்லை" என்று மெதுவாகச் சொன்னார். பிரியாணி பக்கத்து வார்டில் இருந்தவர்களுக்குப் போயிற்று. அவர்கள் சந்தோஷமாகச் சாப்பிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் யாருக்காகப் போனேனோ அவர்கள் இருவரும் அன்றும் பட்டினிதான்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். என் மனைவி, "அந்தப் பிள்ளை என்ன தின்னும் என்று கேட்டீர்களா?" என்றாள். கேட்கவில்லை. அரிசி வாங்க வருகிறவரிடம் பச்சரிசியா புழுங்கலா என்று கேட்காமல் நாம் அளப்பதில்லை. தர்மம் கொடுக்கும்போது மாத்திரம் கேட்காமலேயே அளந்துவிடுகிறோம்.

அடுத்த முறை மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் அந்த அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்தாள். குழையக் குழைய ஆக்கிய கஞ்சி, மிளகு ரசம், முருங்கைக்கீரை, விறால் மீன் குழம்பு. பையன் தோட்டத்தில் வளர்ந்தபோது தின்றது அதுதான். கேட்டு முடித்த பிறகு என் மனைவி ஒன்று சொன்னாள்: "அக்கா, நான் ஆக்கினால் என் கைருசிதான் இருக்கும். நீங்களே வந்து ஆக்குங்கள். புதுச் சட்டி எடுத்து வைக்கிறேன்." அந்த அம்மாள் ஒரு நாள் எங்களுடன் ஈஜோக்குக்கு வந்து, என் வீட்டு அடுப்பில் தம் கையாலேயே சமைத்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் கரண்டி பிடித்ததாகச் சொன்னார். சமைத்துக்கொண்டிருந்தவர் நடுவில் அழுதார். என் மனைவி ஒன்றும் பேசவில்லை, அடுப்பைத் தணித்து வைத்தாள். சூடு ஆறாமல் அடுக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு போனோம். பையன் முதல் வாய் உண்டுவிட்டு, "நம் வீட்டு ரசம்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. கஞ்சியைப் பாதிக்கு மேல் குடித்தான்.

கால் திரும்பி வரவில்லை. அது நம் கையில் இல்லை. ஆனால் அன்றுமுதல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டான்.

விறால் மீன் புண்ணை ஆற்றும் என்பது நம்மவர் நம்பிக்கை. மலாய்க்காரர்களும் ஹாருவான் என்று அதைத் தேடி வாங்குகிறார்கள். புண் ஆறுவதற்குப் புரதச்சத்து அவசியம் என்று வைத்தியர்களும் சொல்லுகிறார்கள். மீன், முட்டை, பருப்பு எல்லாவற்றிலும் அது உண்டு. ஆயிஷா (ரலி) அவர்கள் நோயாளிக்கும் துயரத்தில் இருப்பவருக்கும் தல்பீனா என்ற வாற்கோதுமைக் கஞ்சியைக் கொடுக்கச் சொல்வார்கள். அது உள்ளத்துக்கு ஆறுதல் தரும் என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டதாகப் புகாரியில் வருகிறது. அவர்கள் குடும்பத்தில் மரணம் ஏற்பட்டால், கூடிய பெண்கள் கலைந்துபோய், நெருங்கிய உறவினர் மட்டும் மிஞ்சும் நேரத்தில் அதைக் காய்ச்சுவார்களாம். இதைக் கவனியுங்கள். கூட்டம் இருக்கும்போது அல்ல, கூட்டம் போன பிறகு. முதல் வாரத்தில் ஆஸ்பத்திரிக்குப் பழக்கூடையோடு பத்துப் பேர் வருவார்கள். ஐந்தாவது வாரத்தில் எவரும் வருவதில்லை. நம் கஞ்சி ஐந்தாவது வாரத்தில் போகவேண்டிய கஞ்சி.

இவ்விடத்தில் சில சகோதரர்கள், "அவர்கள் நம்மவர் அல்லவே, நம் ஏழைகளே இருக்கிறார்களே" என்று கேட்கலாம். அத்தஹ்ர் அத்தியாயத்தில் அல்லாஹ் நல்லோரைப் புகழும்போது, அவனுடைய நேசத்துக்காக ஏழைக்கும் அநாதைக்கும் கைதிக்கும் உணவளிப்பவர்கள் என்று சொல்லுகிறான். யுத்தத்தில் பிடிபட்ட கைதி யார்? எதிர்ப் படையில் நின்றவன். அவனுக்கே உணவு கொடுப்பது புகழத்தக்கது என்றால், நமக்காகக் காவல் நின்றவனுக்கும் அவன் தாய்க்கும் கொடுப்பதில் என்ன கேள்வி? குழம்பு வைத்தால் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னபோதும், எந்த மதத்து அண்டை வீட்டார் என்று பிரித்துச் சொல்லவில்லை. ஜகாத்துக்குரிய சட்டம் வேறு. அதை ஆலிம்களிடம் கேட்டுச் செய்யுங்கள். நான் சொல்வது ஸதக்காவை.

அதே அத்தியாயத்தில் அந்த நல்லோர், தாங்கள் கூலியும் நன்றியும் எதிர்பார்க்கவில்லை என்று நினைப்பதாகவும் வருகிறது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதபடி கொடுப்பவருக்கு அர்ஷின் நிழல் உண்டு என்பது நாம் எல்லோரும் கேட்ட ஹதீது. நானோ கடைப் பெயர் போட்ட பையும் கைப்பேசியுமாகப் போனேன்! அந்தப் படத்தை அன்றிரவே அழித்தேன். அடிபட்டுக் கிடக்கும் மனிதனின் முகம் நம் கடைக்கு விளம்பரப் பலகை அல்ல.

இன்னொன்று வியாபாரிகளாகிய நமக்கென்றே உரியது. கண்ணை மூடிக்கொண்டாலன்றி நீங்களே வாங்கிக்கொள்ளாத மட்டமான பொருளைத் தர்மத்துக்கு ஒதுக்காதீர்கள் என்ற கருத்தையும் அல்லாஹ் அல்பகறாவில் அருளியிருக்கிறான். விற்காமல் நின்ற ரொட்டி, தேதி நெருங்கிய பால் டின், மத்தியானம் மிஞ்சிய சோறு இவற்றை ஆஸ்பத்திரிக்கு என்று எடுத்து வைக்கும் கை நம் கைதான். அதற்குப் பெயர் தர்மம் அல்ல, இருப்பைக் கழிப்பது.

ஆகவே, ஈஜோக், புக்கிட் பாடோங், பத்தாங் பெர்ஜுந்தை, ஜெராம் பக்கத்துச் சகோதரர்கள் சேர்ந்து, முறை வைத்து, வாரம் ஒரு வீடு ஓர் அடுக்குச் சட்டி கொடுத்தால் ஒருவருக்கும் பாரமாகாது. லாட்டார் நெடுஞ்சாலை 2011-இல் திறந்தபிறகு தலைநகரம் தூரமுமில்லை. சுங்கை பூலோ ஆஸ்பத்திரி இன்னும் அருகில். நான் பட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்களை உங்களுக்கு வைக்கிறேன்.

முதலில் கேளுங்கள். நோயாளிக்கு என்ன தரலாம் என்று வார்டு நர்ஸிடமும், என்ன பிடிக்கும் என்று தாயிடமும் கேளுங்கள். சர்க்கரை நோயும், புதிதாக ஆப்ரேஷன் ஆன வயிறும் நம் கைராசியை அறியா. வங்சா மாஜுவிலுள்ள துவாங்கு மீசான் இராணுவ ஆஸ்பத்திரி போன்ற இடங்களுக்கு முன் அனுமதி பெற்றே போங்கள். இராணுவக் குடும்பங்களின் நலனுக்கு பாக்காட் என்ற மாதர் அமைப்பு உண்டு. அவர்களிடம் விசாரித்தால் எந்தக் குடும்பத்துக்குத் தேவை என்பது தெரியும்.

இரண்டாவது, ஆக்கிய சோற்றை 4 மணி நேரத்துக்குள் உண்ணும்படி கொண்டுபோய்ச் சேருங்கள். தேங்காய்ப்பால் ஊற்றியது இன்னும் சீக்கிரம் கெடும். மரக்கறி உண்பவருக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி வையுங்கள். இல்லாததை இருப்பதாகச் சொல்லாதீர்கள். நமக்கு ஹலால் எப்படியோ அவர்களுக்கு அது அப்படி.

மூன்றாவது, பக்கத்தில் இருப்பவரை மறவாதீர்கள். நோயாளிக்கு ஆஸ்பத்திரி சோறு போடும். பெஞ்சில் கிடக்கும் தாய்க்கும் மனைவிக்கும் யார் போடுவார்? நான்காவது, வீட்டுக்கு வந்தபிறகும் போங்கள். காலை இழந்தவனுக்கு ஆஸ்பத்திரியைவிட வீடுதான் கஷ்டமான இடம். ஐந்தாவது, உபதேசம் பண்ணாதீர்கள். சட்டியை வையுங்கள், சலாமோ வணக்கமோ சொல்லுங்கள், அவர் பேசினால் கேளுங்கள்.

மறுமையில் அல்லாஹ் மனிதனை நோக்கி, நான் நோயுற்றபோது நீ பார்க்க வரவில்லை, உணவு கேட்டபோது நீ கொடுக்கவில்லை என்று கேட்பான் என்றும், இன்ன அடியானைப் பார்த்திருந்தால் அங்கே என்னைக் கண்டிருப்பாய் என்று விளக்குவான் என்றும் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள ஹதீது குத்ஸியின் சாரம். அந்தக் கேள்விக்குப் பற்றுப் புத்தகத்தைக் காட்ட முடியாது.

கடைசியாக ஒன்று. பையன் வீட்டுக்கு வந்து சில மாதங்கள் சென்றபின் அந்த அம்மாள் கடைக்கு வந்து 86 வெள்ளியை எண்ணி மேசைமேல் வைத்தார். "அந்தக் கணக்கை அன்றே அடித்துவிட்டேன் அக்கா" என்றேன். "நீங்கள் அடித்தீர்கள் தம்பி, நான் அடிக்கவில்லை" என்றார். அவர் மானத்தை இரண்டாவது முறை புண்படுத்த எனக்கு மனமில்லை. வாங்கிக்கொண்டேன். அது கல்லாவில் போகவில்லை. கடையில் ஒரு டின் வைத்து அதில் போட்டேன். அதிலிருந்துதான் இப்போது வாராவாரம் ஆஸ்பத்திரிக் கஞ்சிக்கு அரிசி எடுக்கிறோம். டின் காலியாகும்போது என் பங்கைப் போடுகிறேன். உங்களில் யாரும் போடலாம், பெயர் எழுதுவதில்லை.

யா அல்லாஹ்! காயம்பட்டுக் கிடப்போருக்கு ஷிஃபாவைத் தருவாயாக. அவர்கள் பக்கத்தில் கண்விழித்திருப்போருக்குப் பொறுமையைத் தருவாயாக. எங்கள் வியாபாரத்தில் பரக்கத்தையும், எங்கள் கணக்கில் இரக்கத்தையும், எங்கள் கொடையில் இக்லாஸையும் தருவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.
ஈஜோக் கடைக்காரன்